ரெண்டு விரல்

எங்கள் சபையில் கண்ணுக்காக ஜெபித்து முடித்ததும் பாஸ்டர் விரலைக் காட்டி எத்தனை என்று கேட்பார். யாராக இருந்தாலும் ரெண்டு விரல்தான் காட்டுவார். என் கண் நன்றாக இருந்த நாளில் முன்வரிசையில் உட்கார்ந்து நானே பார்த்திருக்கிறேன்.

ஆம்பூரில் ஷூ கம்பெனியில் பல வருஷம் தையல் மெஷினில் உட்கார்ந்தவள் நான். சர்க்கரை வியாதி கண்ணைத் தின்றது. வேலூர் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், லேசர் வைத்தார்கள், கடைசியில் போன பார்வை திரும்பாது என்று சொல்லிவிட்டார்கள். ஆள் நிற்பது தெரியும், முகம் தெரியாது. வீட்டில் நான் மட்டும். ஞாயிறு காலையில் எதிர்வீட்டு அக்கா என் கையைப் பிடித்து, பைபாஸ் ரோட்டைத் தாண்டிச் சபைக்குக் கூட்டிப்போவார். வழியெல்லாம் மருமகளைத் திட்டிக்கொண்டே வருவார். வாரம் முழுக்க என்னைத் தொடும் கை அது ஒன்றுதான்.

ஒரு உபவாச ஜெபத்தன்று பாஸ்டர் என் தலையில் கை வைத்தார். நான் நிஜமாகவே கதறினேன். இரங்கும் ஆண்டவரே என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை. பக்கத்தில் அக்காவும் அழுதார்.

"எத்தன வெரல்மா?" என்றார் பாஸ்டர்.

எனக்குத் தெரிந்தது அவருடைய வெள்ளைச் சட்டை மட்டும். "ரெண்டு" என்றேன்.

ஏமாற்ற நினைக்கவில்லை. கேட்டது கிடைத்துவிட்டது என்று முதலில் வாயால் அறிக்கை செய்யவேண்டும், பிறகுதான் அது கைக்கு வரும் என்பது எங்கள் சபை வழக்கம். நான் என் பங்கைச் செய்துவிட்டுப் பார்வைக்குக் காத்திருந்தேன். அது வரவில்லை. அதற்குள் எல்லோரும் கைதட்டி, மைக்கைக் கொடுத்து, பார்வை வந்துவிட்டது என்று சபைக்கு முன்னால் சாட்சியும் சொல்ல வைத்துவிட்டார்கள்.

அடுத்த ஞாயிறு புடவை கட்டி வாசலில் நின்றேன். அக்கா எதிர்வாசலிலிருந்தே, "உனக்கு இன்னாம்மா இனிமே! ஆண்டவரு கண்ணக் குடுத்துட்டாரு. நீ மெதுவா வா, நான் போய் எடம் புடிக்கிறேன்" என்றார். அவர் குரலில் அத்தனை சந்தோஷம். எப்படிக் கூப்பிடுவது?

அன்றிலிருந்து சுவரைத் தடவிக்கொண்டு போனேன். பைபாஸில் யாராவது கடக்கும் பேச்சுச் சத்தம் கேட்டால் பின்னாலேயே ஒட்டிக்கொள்வேன். தடுக்கினால் செருப்பைக் குறை சொல்வேன். ஷூ கம்பெனிக்காரி செருப்பைக் குறை சொன்னால் யார் மறுக்கப்போகிறார்கள்? குருடியாக இருந்தபோது இவ்வளவு தனியாக இருந்ததில்லை. பார்வை வந்தவளிடம் யாரும் "கூட வரட்டுமா?" என்று கேட்பதில்லை.

நாலு மாசம் இப்படிப் போனது. ஒரு ஞாயிறு, வழியோரம் உட்கார்ந்து இயேசுவைக் கூப்பிட்ட குருடனைப் பற்றிப் பிரசங்கம். சுற்றியிருந்தவர்கள் அதட்டினார்கள், அவன் இன்னும் சத்தமாகக் கூப்பிட்டான் என்று சொல்லிவிட்டு, பாஸ்டர் என்னை எழுப்பிச் சாட்சி சொல்லச் சொன்னார். மைக் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியாமல் கையை நீட்டித் துழாவினேன். யாரோ சிரித்தார்கள்.

"பாஸ்டர், எனக்குக் கண்ணு தெரியல. அன்னிக்கும் தெரியல. நீங்க எப்பவும் ரெண்டு வெரல்தான் காட்டுவீங்க, அதான் சொல்லிட்டேன்."

"உக்காரும்மா" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். நான் உட்காரவில்லை. "ஆண்டவரே, எனக்கு இரங்கும்" என்று கத்தினேன். இந்த முறை கண்ணைக் கேட்கவில்லை. யாராவது வந்து என் கையைப் பிடிக்கவேண்டும் என்றுதான் கேட்டேன்.

ஆராதனை முடிந்ததும் வெளியே செருப்புகள் உரசி உரசி விலகிப் போயின. யாரும் என்னிடம் வரவில்லை. வாசலில் காலாலேயே என் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்தது. அக்கா.

"நாலு மாசமாடி? அந்த ரோட்ட நாலு மாசமா தனியாவா தாண்டின?"

அன்று வழியில் அவர் மருமகளைக்கூடத் திட்டவில்லை. பைபாஸைத் தாண்டிய பிறகும் விடாமல், வலிக்கும்படி இறுக்கிப் பிடித்திருந்தார். நான் தளர்த்தச் சொல்லவில்லை.