மச்சத்துக்கு இரண்டு வரி

பெற்றோர் இல்லாத பிள்ளைகளை வீடுகளில் விட்டு வளர்ப்பது பற்றிய ஒரு கூட்டத்துக்கு என்னைப் பேச அழைத்திருந்தார்கள். நான் நகைச்சுவை எழுதுகிறவன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் தூக்கத்தைத் தடுக்க என்னைப் போன்றவர்களைப் பயன்படுத்துவது வழக்கம். நானே அப்படி வளர்ந்தவன் என்பது அமைப்பாளர்களுக்குக் கடைசி நேரத்தில்தான் தெரிந்தது. உடனே முகத்தில் ஒரு கனிவை வரவழைத்துக்கொண்டு, "உங்கள் அனுபவத்திலிருந்து என்ன சீர்திருத்தம் வேண்டும் என்று சொல்லுங்கள்" என்றார்கள். படிவத்தில் ஒரு வரி கூடுதலாக வேண்டும் என்றேன். அவ்வளவுதானா என்று கேட்டார்கள். அவ்வளவுதான். பெரிதாக எதிர்பார்த்திருப்பார்கள் போலிருக்கிறது. அதற்குள் தேநீர் வந்துவிட்டதால் அந்த வரியைப் பற்றி மேற்கொண்டு யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

என் அப்பாவும் அம்மாவும் இரண்டு பக்கத்து உறவையும் உதறிவிட்டுத் தூத்துக்குடிக்கு ஓடிவந்து கல்யாணம் செய்துகொண்டவர்கள். அதனால் எனக்கும், பிறகு என் தங்கைக்கும் ஞானஸ்நானம் கொடுத்தபோது ஞானத்தகப்பனாக நிற்பதற்குச் சொந்தத்தில் ஆள் இல்லை. அப்படி ஆள் இல்லாத பிள்ளைகளுக்கெல்லாம் நிற்பதற்கென்று கோயிலில் ஒருவர் இருந்தார். அவர் கோயில்பிள்ளை. மணி அடிப்பது, மெழுகுதிரி ஏற்றுவது, சாவிக்கொத்தை எங்கேயாவது வைத்துவிட்டுத் தேடுவது ஆகியவை அவர் வேலை. அவற்றோடு இதுவும் ஒன்று. அப்பா தோணியில் கொழும்புக்குப் போனவர் திரும்பவில்லை. மூன்று வருடம் கழித்து அம்மாவைக் காசநோய் கொண்டுபோயிற்று. எழுபதுகளின் தொடக்கம் அது. எனக்குப் பன்னிரண்டு வயது, தங்கைக்கு எட்டு.

கன்னியர் நடத்திய ஒரு விடுதியில் எங்களைச் சேர்த்தார்கள். ஆண்பிள்ளைகளுக்கு ஒரு கட்டடம். பெண்பிள்ளைகளுக்குச் சாலைக்கு அந்தப் பக்கம் வேறு கட்டடம். சேர்க்கும்போது ஆளுக்கொரு படிவம் நிரப்பினார்கள். பெயர், வயது, மதம், தடுப்பூசி, அங்க அடையாளம். அங்க அடையாளத்துக்கு மட்டும் இரண்டு வரி விட்டிருந்தார்கள். எழுதிய சிஸ்டர் என்னை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, வலது தோளில் ஒரு மச்சம், இடது முழங்காலில் இன்னொன்று என்று இரண்டையும் நிரப்பினார்.

"எனக்குத் தங்கச்சி இருக்கா" என்றேன்.

"தெரியும்பா. அவளுக்குத் தனியா எழுதுவோம்."

சொன்னபடியே தனியாக எழுதினார்கள். அவள் தாளில் அவளுடைய மச்சம் ஏறியது. என் தாளில் அவளும் இல்லை, அவள் தாளில் நானும் இல்லை. படிவம் கேட்கவில்லை, அதனால் யாரும் சொல்லவில்லை.

ஆறு மாதத்தில் இருவரையும் வீட்டுக்குக் கொடுத்தார்கள். அப்போது அதற்கு இதைவிட நல்ல பெயர் எதுவும் இல்லை. தெரிந்த குடும்பம், பங்குச் சாமியாரின் கடிதம், ஒரு கையெழுத்து. பிள்ளை டிரங்குப் பெட்டியோடு கிளம்பிவிடும். அவ்வப்போது யாராவது வந்து பிள்ளை எப்படி இருக்கிறது என்று பார்ப்பார்கள் என்று சொன்னார்கள். நான் இருந்த வீட்டுக்கு ஒரே ஒருமுறை வந்தார்கள், கிறிஸ்துமஸ் கேக் வாங்க.

என்னை எடுத்தவர் பேக்கரிக்காரர். மக்ரூன் என்பது முட்டை வெள்ளைக்கருவையும் சீனியையும் கை ஓயும்வரை அடித்து, முந்திரிப்பருப்புத் தூளைச் சேர்த்துச் சுடுவது. ஓய வேண்டிய கை என்னுடையது. காலைப் பூசைக்கு முன்னால் ஒரு தடவை, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இன்னொரு தடவை. இன்றைக்கும் எனக்குச் சட்டை தைக்கிறவர் வலது கையை அளந்துவிட்டு, சந்தேகப்பட்டு இடது கையையும் அளப்பார். மிஞ்சிய மஞ்சள்கருவை எனக்கு வஞ்சனையில்லாமல் பொரித்துக் கொடுத்தார்கள். தெருவில் என்னைக் கொடுத்துவைத்தவன் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவரை அப்பா என்று கூப்பிட வேண்டும். கடையில் ஆள் நிற்கும்போது அண்ணாச்சி. ஒருநாள் கடையில் வாய்தவறி அப்பா என்றுவிட்டேன். "ஏலே, இது கடை" என்றார், கோபமே இல்லாமல்.

தங்கை போனது ஒரு வங்கி எழுத்தர் வீட்டுக்கு. பிள்ளையில்லாத வீடு. பாவாடை, ரிப்பன், பாட்டு வகுப்பு எல்லாம் அவளுக்குக் கிடைத்தது. அண்ணன்காரன் வந்து வந்து நிற்கக் கூடாது என்பது ஒன்றுதான் நிபந்தனை. "பிள்ளைக்கு மனசு கலைஞ்சிரும், தம்பி" என்று அந்த அம்மா என்னிடமே சொன்னார். சொல்லிவிட்டு ஒரு வாழைப்பழம் கொடுத்தார். விடுதி மதரும் அதையேதான் சொன்னார். பழைய உறவை மறந்துவிட்டால் பிள்ளை புது வீட்டில் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும் என்பது அந்தக் காலத்து ஞானம். பழைய உறையிலிருந்து பிய்த்த தபால்தலையைப் பற்றியும் ஏறக்குறைய அப்படித்தான் சொல்வார்கள்.

வழி கிடைத்தது ஞானோபதேச வகுப்பில். தாய் தகப்பன் இல்லாமல் போனால் பிள்ளைக்குப் பொறுப்பு ஞானத்தகப்பன்தான் என்று உபதேசியார் சொன்னார். மற்றப் பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்தார்கள். நான் நம்பிவிட்டேன். அன்று சாயங்காலமே டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கோயில்பிள்ளை வீட்டுக்குப் போனேன்.

கோயிலுக்குப் பின்னால் ஒரே அறையும் சமைக்க ஒரு குசினியும்தான் வீடு. அவர் மனைவி வாசலில் உட்கார்ந்து மீன் அரிந்துகொண்டிருந்தார்.

"யாருலே நீ?"

"என் ஞானத்தகப்பனைப் பாக்கணும்."

அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்பக்கம் திரும்பினார். "இந்தாரும், உம்ம மவன் ஒருத்தன் பெட்டியோட வந்து நிக்கான். இன்னும் எத்தன பேரு வாராவன்னு இப்பவே சொல்லிரும், ஒலையில அரிசி போடணும்."

கோயில்பிள்ளை தோளில் துண்டோடு வெளியே வந்தார். நான் வகுப்பில் கேட்டதை ஒரு எழுத்துக் குறையாமல் ஒப்பித்தேன்.

"யாரு சொன்னா?"

"உபதேசியார்."

"அவருக்கென்ன, சொல்லிட்டுப் போயிட்டாரு." துண்டை உதறி மறு தோளில் போட்டார். "நான் எத்தன பிள்ளைக்கு நின்னிருக்கேன்னு எனக்கே தெரியாதுலே. எல்லாரும் பெட்டியத் தூக்குனா, மாதா சுரூபத்தையெல்லாம் எறக்கி வச்சிட்டுக் கோயிலுக்குள்ளதான் படுக்கப் போடணும். அங்கன அடிக்காவளா?"

"இல்ல."

"சோறு?"

"முட்டையெல்லாம் தாராவ."

"முட்டையா?" என்றார் அவர் மனைவி. "ஏலே, அந்த வீட்ல இன்னொரு ஆளு எடுப்பாவளா? இவுகள அனுப்பி வைக்கேன்."

"நீ சும்மா இருளா" என்றுவிட்டு அவர் என்னிடம் கேட்டார்: "பெறகு என்னத்துக்குலே வந்த?"

"தங்கச்சியப் பாக்க விட மாட்டக்காவ."

அந்த அம்மா மீன்சட்டியைத் தள்ளி வைத்துவிட்டுக் கையைக் கழுவினார். எனக்குச் சோறு போட்டார்கள். பிறகு கோயில்பிள்ளை என் பெட்டியைத் தன் தலையில் வைத்துக்கொண்டு என்னைப் பேக்கரிவரை கொண்டுவந்து விட்டார்.

அடுத்த ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் வங்கி எழுத்தர் குடும்பத்தை வாசலில் மறித்தார். ஞானப்பிள்ளைகளிடம் வாரத்துக்கு ஒருமுறை செபம் கேட்க வேண்டியது ஞானத்தகப்பனின் கடமை என்றும், தவறினால் அந்தப் பாவம் பிள்ளையை வளர்க்கிறவர்களையும் சேரும் என்றும் சொன்னார். அப்படி ஒரு சட்டம் எந்த நாட்டுத் திருச்சபையிலும் கிடையாது. ஆனால் சாவிக்கொத்து அன்றைக்குத் தொலையாமல் கையில் இருந்தது. அதை ஆட்டிக்கொண்டு சொன்னால் மேற்கொண்டு கேட்கத் தோன்றாது. பேக்கரிக்கு வந்தும் அதையே சொன்னார்.

அப்படியாக ஞாயிறுதோறும் மணிக்கூண்டுப் படியில் எங்களுக்கு ஒரு மணி நேரம் கிடைத்தது. கோயில்பிள்ளை இரண்டு படி கீழே உட்கார்ந்து பித்தளை மெழுகுதிரித் தண்டுகளைத் துலக்குவார். செபம் கேட்டதே இல்லை. ஒருநாள் என் தங்கை மனச்சாட்சி உறுத்தித் தானாகவே ஒரு அருள்நிறை மந்திரத்தை ஆரம்பித்தாள். "ஏளா, சத்தம் போடாத. வேல கெடக்குல்லா" என்றார்.

நான் லேஞ்சியில், அதாவது கைக்குட்டையில், மக்ரூனை முடிந்து கொண்டுபோவேன். எல்லாம் உடைந்தவை. முழு மக்ரூன் விற்பனைக்கு. உடைந்ததை யாரும் தேட மாட்டார்கள். அவள் பெரிய துண்டுகளை முதலில் தின்றுவிட்டு, லேஞ்சியின் மூலையில் தங்கிய தூளை விரலில் ஒற்றி நக்குவாள். முழு மக்ரூன் ஒன்றை அவள் அந்தப் படியில் பார்த்ததே கிடையாது.

இரண்டு வருடம் இப்படிப் போயிற்று. பிறகு ஒரு ஞாயிறு அவள் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். கதவு பூட்டியிருந்தது. வாடகைக்கு என்று ஒரு அட்டை தொங்கியது. எழுத்தருக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது.

மதரிடம் போனேன். "அவ நல்ல வீட்லதானே இருக்கா. நீயும் நல்ல வீட்லதான் இருக்க. பிறகென்ன?" என்றார். விலாசம் கேட்டேன். பெண்பிள்ளைகளின் தாள்கள் அந்தக் கட்டடத்தில் என்றார். சாலையைத் தாண்டிப் போனேன். அங்கே புதிதாக வந்திருந்த சிஸ்டர் தங்கையின் தாளை எடுத்து மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தார். "இதுல அண்ணன்னு ஒண்ணும் இல்லையே" என்றார். யாரென்று தெரியாத பையனிடம் ஒரு பெண்பிள்ளையின் விலாசத்தை எப்படிக் கொடுப்பது? அவர் கேட்டது நியாயம். அவர் இடத்தில் இருந்தால் நானும் கொடுத்திருக்க மாட்டேன்.

வங்கிக் காவலாளி விருதுநகர் என்றார். விருதுநகர்க் கிளை மானேஜருக்கு, ஐயா அவர்கள் சமூகத்துக்கு என்று தொடங்கி ஒரு கடிதம் எழுதினேன். என் எழுத்துக்குப் பதில் வராமல் போனது அதுதான் முதல் தடவை. பிறகு பத்திரிகை ஆசிரியர்கள் என்னை அதற்குப் பழக்கிவிட்டார்கள்.

கடைசியில் கோயில்பிள்ளை, சாமியார் வெளியே போயிருந்த நேரம் பார்த்து என்னை அலுவலக அறைக்குக் கூட்டிப்போனார். ஞானஸ்நானப் புத்தகத்தில் தங்கையின் பெயர் இருந்த பக்கத்தைத் திறந்தார். எழுத்தெல்லாம் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்க, ஓரத்தில் நாலு விரல் அகலத்துக்கு வெறும் தாள்.

"இது எதுக்கு விட்டுருக்குன்னு தெரியுமாலே?"

"தெரியாது."

"கல்யாணத்துக்கு. அவ எந்த ஊர்க் கோயில்ல தாலி கெட்டுனாலும், அந்தச் சாமி இங்கன எழுதி ஞானஸ்நானச் சீட்டு வாங்கணும். கெட்டி முடிஞ்சாலும் எழுதிச் சொல்லணும். இந்த ஓரத்துல பதியணும். எங்க போனாலும் அவ இங்கன வந்துதான் தீரணும்."

"அவ கன்னியாஸ்திரியா மடத்துக்குப் போயிட்டா?"

"மடத்துக்கும் சீட்டு வேணும்லே."

"அவளுக்குப் பத்து வயசுதான ஆவுது."

"ஒரு பத்து வருசம் பொறு" என்றார், அடுத்த பஸ்ஸுக்கு நிற்கச் சொல்வதுபோல.

பொறுத்தேன். பத்து பதினோரு வயதுப் பெண்ணுக்குச் சீக்கிரம் கல்யாணம் ஆக வேண்டும் என்று முழங்காலில் நின்று வேண்டிய அண்ணன் அந்தக் கடற்கரையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். சீர்திருத்தம் பேச எனக்கு உள்ள தகுதி இதுதான். பள்ளிப் படிப்பு முடிந்து ஒரு கப்பல் ஏஜெண்டு அலுவலகத்தில் தட்டச்சு செய்யப் போனேன். தங்கல் பேக்கரி மாடியிலேயே. கிறிஸ்துமஸ் மாதத்தில் மட்டும் கைக்கு வேலை வரும். ஞாயிறுதோறும் பூசை முடிந்து கோயில்பிள்ளையைப் பார்ப்பேன். அவர் உதட்டைப் பிதுக்குவார். வாய்விட்டுக் கேட்பதை எப்போதோ நிறுத்திவிட்டிருந்தேன்.

ஒன்பதாவது வருடம் ஒரு புதன்கிழமை, அவர் கப்பல் ஆபீசுக்கே வந்து என் மேசைமுன் நின்றார். சட்டை போட்டிருந்தார். அதுவே விசேஷம்.

"திண்டுக்கல்லுல இருந்து சீட்டு கேட்டுருக்காவ" என்றார். "சாமி கையெழுத்துப் போட்டாச்சு. தபால்ல சேத்தா மூணு நாளு ஆவும். நீ எப்பம் பொறப்படுத?"

"நாளைக்கு."

"அவள்ட்ட, செபம் ஒழுங்காச் சொல்லுதாளான்னு நான் கேட்டேன்னு சொல்லு."

ஒரு பிள்ளையின் அண்ணன் எங்கே இருக்கிறான் என்று எழுதி வைக்க விடுதிக்கு ஒரு வரி இல்லை, வங்கிக்கு அவசியமில்லை, சர்க்காருக்கு நாங்கள் இருவரும் இருப்பதே தெரியாது. கல்யாணத்துக்கென்று கோயில் விட்டுவைத்த ஓரம் ஒன்றுதான் எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தது. அவள் கோயிலுக்கு வெளியே யாரையாவது விரும்பிக் கட்டியிருந்தால் அதுவும் வெறும் தாளாகவே இருந்திருக்கும். எங்கள் அம்மா அப்பாவின் பிள்ளை அப்படிச் செய்வதற்கு எல்லா வாய்ப்பும் இருந்தது.

திண்டுக்கல் பங்குச் சாமியார் சீட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வழி சொன்னார். கதவைத் திறந்தது எழுத்தரின் மனைவி. தலை நரைத்திருந்தது. என்னை அடையாளம் கண்டுகொண்டார் என்பது அவர் கதவிலிருந்து கையை எடுக்காததில் தெரிந்தது. பிறகு ஒதுங்கி வழிவிட்டார். உள்ளே போய் அலமாரியைத் திறந்து இரண்டு கடிதங்களைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். தங்கை எனக்கு எழுதி, பேக்கரி விலாசம் போட்டு, தபால்தலையும் ஒட்டி, யாரும் தபாலில் சேர்க்காத கடிதங்கள்.

"அப்ப அதுதான் சரின்னு பட்டுது, தம்பி" என்றார். "கிழிச்சுப் போடவும் மனசு வரல."

அவரிடம் சொல்வதற்கென்று ஒன்பது வருடமாக நல்ல வாக்கியங்களாகச் சேர்த்து வைத்திருந்தேன். ஒன்றையும் பயன்படுத்தவில்லை. தங்கை பதில் வராததைப் பார்த்து, நான் பேக்கரியில் நன்றாக ஒட்டிக்கொண்டுவிட்டேன் என்று நினைத்திருந்தாள்.

அவள் கொல்லைப்பக்கமிருந்து வந்தாள். என்னைவிட உயரமாகியிருந்தாள். மக்ரூன் டின்னை நீட்டினேன். பேக்கரிக்காரர் தன் கையால் பொறுக்கி அடுக்கித் தந்தது. அவள் தரையில் உட்கார்ந்து மூடியைத் திறந்தாள். மேல்வரிசையை எடுத்து வைத்தாள், அடுத்த வரிசையை எடுத்து வைத்தாள், அடியில் விரித்திருந்த காகிதத்தைத் தூக்கிப் பார்த்தாள்.

"உடைஞ்சது ஒண்ணுமில்லையா?" என்றாள்.

தூத்துக்குடியிலிருந்து டின்னை மடியைவிட்டு இறக்காமல், ஒன்றுகூட உடையாமல் கொண்டுவந்திருந்தேன்.