பந்தியில் வைக்கோல்

நானும் என் சகலையும், அதாவது என் மனைவியின் அக்காள் புருஷனும், நாகர்கோவிலில் ஒரே டாக்டரிடம் அடுத்தடுத்துக் கையை நீட்டிப் பிரஷர் பார்த்துக்கொண்டோம். எனக்கு அவரைவிடக் கூடுதல். இருவருக்கும் டாக்டர் சொன்னது ஒன்றுதான். மாத்திரையை விடக்கூடாது, உப்பைக் குறைக்கணும், நார்ச்சத்தைக் கூட்டணும். சிவப்பரிசி, பயறு, கீரை எல்லாம் இதயத்துக்கு நல்லது. அதை ஆளுக்கொரு தாளில் எழுதியும் தந்தார். சகலை தன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். என் தாள், எதிர்க்கடையில் வடையின் எண்ணெயை ஒற்ற உதவியது.

சில மாதங்களில் அவருக்குப் பிரஷர் நன்றாக இறங்கிவிட்டது. என் மனைவி அதைத் தினமும் இரண்டு வேளை, சாப்பாட்டுக்குப் பின், எனக்குச் சொன்னாள்.

அப்போதுதான் என் தம்பி மகள் கல்யாணம். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்த சகலை, பப்படத்துக்கும் நேந்திரங்காய் உப்பேரிக்கும் ஊறுகாய்க்கும் வேண்டாமென்று கையைக் காட்டினார். பிறகு பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த சிவப்பரிசிச் சோற்றை இலையில் கொட்டினார். கல்யாண வீட்டுக்குச் சோறு கட்டிக்கொண்டு வந்த ஆளை நாஞ்சில் நாடு அதுவரை பார்த்ததில்லை.

நான் சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருக்கத் தெரிந்தவனுக்குப் பிரஷர் ஏன் வருகிறது?

"ஏலே, எங்க அண்ணாச்சிக்கு ரெண்டு கத்த வைக்கோலு கொண்டாங்க. பிண்ணாக்கு இருந்தா அதையும் விளம்புங்க."

பந்தி மொத்தமும் சிரித்தது. எதிர் வரிசையில் ஒருவருக்கு ரசம் மூக்கில் ஏறியது. எங்கள் பக்கம் வட்டப்பெயர் விழுந்தால், ரேஷன் கார்டில் ஏறாததுதான் பாக்கி. சாயங்காலத்துக்குள் அவர் 'வைக்கோல்' ஆகிவிட்டார். "வைக்கோலு, தின்னியா?" என்று பஸ்ஸுக்குள்ளிருந்தெல்லாம் கேட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வாழ்க்கையில் நான் சொந்தமாக உண்டாக்கிய ஒரே பொருள் அது.

அடுத்த கல்யாணத்துக்கு அவர் டப்பா கொண்டுவரவில்லை. பப்படம் நான்கு, ஊறுகாய் இரண்டு தடவை, பிரதமன் பாயசம் மூன்று தடவை. என்னைப் பார்த்துக்கொண்டே தின்றார்.

"இப்ப சரியா மக்கா?"

"இப்பதான் அண்ணாச்சி மனுசனாட்டு இருக்கிய" என்று சொல்லி, விளம்புகிறவனை நானே கூப்பிட்டு இன்னொரு பப்படம் போடவைத்தேன்.

பிறகு அவர் வீட்டிலும் பயறு நின்றது. கொஞ்ச நாளில் மாத்திரையும் நின்றது.

ஆவணியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த ஒருவர், அவர் மனைவியிடமே, அதாவது என் மைனியிடமே, "வைக்கோலு எந்த வார்டுல?" என்று கேட்டார். மைனி வழி காட்டினார்.

நான் போனபோது சகலை மூச்சு வாங்க, "மாடாட்டே இருந்திருந்தா இன்னும் கொஞ்ச காலம் கெடந்திருப்பேன் மக்கா" என்றார். நான் சிரித்துவிட்டேன். நல்ல தமாஷுக்குச் சிரிக்காமலிருக்க எனக்கு வராது. மறுநாள் காலையில் போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மைனி எங்கள் வீட்டுக்கு வந்தார். ஆட்டோவில் அரைச்சாக்குச் சிவப்பரிசியும் ஒரு பை சிறுபயறும் இருந்தன.

"அவிய தின்னாம வச்சது. நீங்க தின்னுங்க."

"எனக்கு எதுக்கு மைனி..."

"உங்களுக்கு ஒண்ணும் ஆயிரப்பிடாது. ரொம்ப நாளு இருக்கணும். ஒவ்வொரு கல்யாண வீட்டுலயும் நான் உங்களப் பாக்கணும்."

தின்கிறேன். மாத்திரையும் தவறுவதில்லை. போன வாரம் டாக்டர் பார்த்துவிட்டு, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, இப்படியே போனால் நூறு வயது இருப்பீர்கள் என்றார். மைனிக்குப் போன் செய்து சொன்னேன்.

அடுத்த சாக்கு அன்று மாலையே வந்து இறங்கியது.