என் கண்ணை அளந்தவன்

வார நாட்களில் மொன்ட்ரியாலை ஒட்டிய புவாண்ட்-கிளேரில் ஒரு கிடங்கில் வேலை செய்தேன். சனி ஞாயிறுகளில் பேஸ்போல். அமெரிக்கக் கழகம் ஒன்றுக்காக மொன்ட்ரியால் பூங்காக்களைச் சுற்றிவந்து, தேறக்கூடிய பள்ளி வயது ஆட்டக்காரர்களைப் பற்றி எழுதி அனுப்புவேன். பெரிய வருமானமில்லை. ஆனாலும் சிறுவனாக யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, நகரின் வடக்கே மொன்ட்ரியால்-நோரில் இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்ட எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

கழகங்கள் கணக்குத் தெரிந்தவர்களைத் தேடத் தொடங்கியிருந்த காலம். எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலுக்கு வரும் ஒருவன் புள்ளியியல் படித்துவிட்டு, லொங்குய்யில் காப்புறுதி அலுவலகமொன்றில் சலித்துப்போய் இருந்தான். நான்தான் கழகத்தில் என் மேலாளரிடம் அவனைப் பற்றிச் சொன்னேன். எடுத்தார்கள்.

இரண்டு கோடைகள் என் காரில்தான் ஆட்டங்களுக்கு வந்தான். மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருப்பான்.

"அண்ணை, இவனில என்னத்தைக் கண்டனீங்கள்?"

"கையைப் பார். பந்து வரேக்க அவசரப்படுறானில்லை."

"கூடாத பந்து நாலை விட்டிட்டு, அடிக்காமலே முதல் தளத்துக்குப் போறான். அதுவும் அடிச்ச மாதிரித்தானே?"

அதுவரை நான் அதைப் பெரிதாக எண்ணியதில்லை. அந்த விஷயத்தில் எனக்குக் கற்றுத் தந்தவன் அவன்தான்.

ஆட்டம் முடிந்தால் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. என் மனைவியின் மீன் சொதிக்கு இரண்டாம் முறையும் தட்டை நீட்டுவான். ஒருநாள் சாப்பிட்டபடியே, முன்பு நான் நன்றாக வருவார்கள் என்று சொன்ன ஆட்டக்காரர்களைப் பற்றிக் கேட்டான். தனக்குப் படிக்க உதவும் என்றான். எல்லாரையும் சொன்னேன். பெரிதாக நம்பி, ஒன்றுமில்லாமல் போனவர்களையும் சொன்னேன்.

அடுத்த இலையுதிர்காலத்தில் மேலாளர் தொலைபேசியில் அழைத்தார். கழகம் இனிக் கல்லூரி ஆட்டக்காரர்களைத்தான் எடுக்கப்போகிறதாம். அவர்களுக்கு நம்பக்கூடிய கணக்கு உண்டு, பூங்காப் பிள்ளைகளுக்கு இல்லை. அதனால் இந்தப் பக்கத்துக்கு ஆள் தேவையில்லை.

"இதற்கான ஆய்வைச் செய்தது உன் நண்பன்தான்," என்றார். "உன்னிடம் சொல்லியிருப்பான் என்று நினைத்தேன்."

ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாகனத் தரிப்பிடத்தில் அவனைப் பிடித்தேன்.

"எப்ப தொடங்கினது?"

"முதலே, அண்ணை. அதுக்குத்தான் என்னை எடுத்தவை."

"அப்ப நான் சொன்ன பேருகள்?"

அவன் கார்ச் சாவியைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "உங்கட கணிப்பு எவ்வளவு சரிவந்தது எண்டு பாத்தனான். உங்கடது மோசமில்லை. ஆனா அதை நம்பிக் காசு போடேலாது."

"கணக்குச் சரியாயே இருக்கட்டும். என்ர வீட்டில சாப்பிட்டுக்கொண்டு ஏன் ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தா நீங்கள் பிழையாக் கணிச்ச ஆக்களைச் சொல்லியிருக்க மாட்டியள்."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. ஏற்கெனவே யோசித்து முடித்த ஒன்றைச் சொல்வதுபோலச் சொன்னான். என்னிடம் கேட்டுப் பார்க்காமலே நான் மறைப்பேன் என்று முடிவுகட்டி, அந்த முடிவோடு என் பக்கத்து இருக்கையில் இரண்டு கோடைகள் இருந்திருக்கிறான். வேலை போனதைவிட அதுதான் என்னைச் சுட்டது.

அந்த ஆண்டு மொன்ட்ரியால்-நோரில் ஓர் ஆட்டக்காரனின் தாயிடம், கழகத்திலிருந்து ஆட்கள் வருவார்கள் என்று சொல்லி வைத்திருந்தேன். வரமாட்டார்கள் என்று சொல்லப் போனேன். மகன் சரியாக ஆடவில்லையா என்று பிரெஞ்சில் கேட்டாள். நன்றாகத்தான் ஆடினான் என்றேன். அப்படியென்றால் ஏன் என்று கேட்டாள். கணக்கைப் பற்றி ஏதோ சொல்ல முயன்றேன். எனக்கே விளங்கவில்லை.

அவன் பதவி உயர்ந்து அமெரிக்காவுக்குப் போய்விட்டான். ஒவ்வொரு நத்தாருக்கும் தொலைபேசி எடுப்பான். என் மனைவி தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்ப்பாள். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டுவேன்.

"அவர் குளிக்கிறார், தம்பி," என்பாள்.