எதிர்வரிசை வீடுகளின் தொகுதி

நோலீன் புரவுஸுக்கு எதிர்வீட்டு வால்மையைப் பிடிக்காமல் போனதற்கு வால்மை ஒரு தப்பும் செய்யவில்லை. எல்லாம் ஒரு கோடு செய்த வேலை. தெருவின் நட்டநடுவே, கண்ணுக்கே தெரியாமல் ஓடிய தேர்தல் எல்லைக்கோடு.

அடிலெய்டின் தென்கோடிப் புறநகரில், அக்கேஷியா தெருவுக்கு நோலீன் கல்யாணமாகி வந்தபோது பாதி மனைகளில் பாதாம் மரங்கள்தான் நின்றன. கணவன் கெவினுக்குக் கார் தொழிற்சாலையில் வேலை. அவளுக்குப் பள்ளிக்கூடச் சிற்றுண்டிக் கடையில். அவள் வீட்டைவிட்டு ஓர் அடி நகரவில்லை. தொகுதிதான் நகர்ந்துகொண்டே இருந்தது. முதலில் ஓடை எல்லையாக இருந்தது. தோப்புகள் போய் வீடுகள் முளைத்ததும், ஆட்கள் கூடிவிட்டார்கள் என்று எல்லையை ரயில் பாதைக்குத் தள்ளினார்கள். அப்புறம் நெடுஞ்சாலைக்கு. அந்த மாநிலத்தில் தேர்தல் முடிந்த கையோடு ஓர் ஆணையம் உட்கார்ந்து, வரைபடத்தை விரித்து, தொகுதிக்கு இத்தனை ஓட்டு என்று சரிக்கட்டும். எத்தனை முறை வெட்டி ஒட்டினாலும் நோலீனின் வீடு கார்விஸ் தொகுதியிலேயே தங்கியது. அதில் அவளுக்கு அப்படியொரு பெருமை. கார்விஸ் அவள் கட்சியின் கோட்டை.

ஓட்டுப்போடும் சனிக்கிழமை பள்ளிக்கூட வாசலில் கட்சிச் சட்டையோடு முதலில் நிற்பவள் அவள்தான். ஓட்டுச்சீட்டில் வேட்பாளர்களுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று எந்த வரிசையில் எண் போடுவது என்று காட்டும் கட்சிச் சீட்டை வருகிறவர்கள் கையில் திணிப்பாள். ஓட்டுப் போடாவிட்டால் அபராதம் என்பதால் ஊரே வரும். வந்தது, பள்ளிக்காரர்கள் விற்கும் வெங்காயம் வைத்த சாசேஜ் ரொட்டியைத் தின்றுவிட்டுப் போகும். மழையானாலும் வெயிலானாலும் வாசலைவிட்டு நோலீன் நகர்ந்ததில்லை. இதற்காக யாரும் அவளுக்கு ஒரு வாய் காபி கொடுத்ததில்லை, அவளும் கேட்டதில்லை.

அப்படியிருக்கையில்தான் கோடு அக்கேஷியா தெருவுக்கே வந்து சேர்ந்தது. ஒற்றைப்படை எண் வீடுகள் கார்விஸில் நின்றுகொள்ள, எதிர்வரிசை மெரிக் தொகுதிக்குப் போனது. கெவின் விழுந்து விழுந்து சிரித்தார். "வால்மையோட நாய் இனிமே வெளியூர் நாய். நம்ம புல்லுல காலைத் தூக்குச்சுன்னா ஆணையத்துக்கு எழுதிப் போடு" என்றார்.

சிரிப்பு ஒரு தேர்தல்வரைதான் நின்றது. மெரிக் இழுபறித் தொகுதி. சில நூறு ஓட்டில் ஆட்சியே கவிழும். யார் பக்கம் என்று தெரியாத ஆட்களைத் தேடித் தேடிக் கட்சிக்காரர்கள் கதவைத் தட்டினார்கள். தனியாக இருந்த வால்மை யார் வந்து கேட்டாலும் ஒரே பதிலைச் சொன்னாள். இன்னும் முடிவு பண்ணவில்லையாம். அவ்வளவுதான், அந்த வீட்டு அழைப்புமணி ஓயவில்லை. இந்தக் கட்சி வேட்பாளர் காலையில் வந்தால் அந்தக் கட்சிக்காரன் சாயங்காலம் வந்தான். சுயேச்சை ஒருவர் ரோஜாச் செடியே கொண்டுவந்தார். நோலீன் ஜன்னல் திரையின் பட்டையை விரலால் விலக்கி விலக்கிப் பார்த்ததில் அந்தப் பட்டையே வளைந்துபோயிற்று.

ஒருநாள் அமைச்சரே வந்தார், நோலீனின் சொந்தக் கட்சி அமைச்சர். வால்மை சுட்ட ஸ்கோன் ரொட்டியில் ஜாமைத் தடவித் தின்று, வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டார். அடுத்த மாதம் எதிர்வரிசைப் பேருந்து நிறுத்தத்துக்குக் கூரையும் பெஞ்சும் வந்தன. இந்தப் பக்கம் வெறும் கம்பம். வெயிலில் அந்தக் கம்பத்தடியில் நின்று எதிர்ப்பக்கத்து நிழலைப் பார்க்கையில் நோலீனுக்கு வயிறு பற்றி எரிந்தது. காலமெல்லாம் கட்சிக்கு உழைத்தவள் நான். யாருக்கு ஓட்டு என்றே தெரியாத ஒருத்திக்கு இந்த ராஜமரியாதையா? இதையே கெவினிடம் சொல்லிச் சொல்லித் தீர்த்தாள். கெவின் இறந்த வாரம் கார்விஸ் சட்டமன்ற உறுப்பினரிடமிருந்து அச்சடித்த அனுதாப அட்டை வந்தது, ஆள் வரவில்லை. அதே வாரம் எதிர்வீட்டு வாசலில் வேட்பாளர்களின் கார்கள் இரண்டு நின்றன.

அட்டையைக் கையில் வைத்துக்கொண்டே கட்சி அலுவலகத்துக்குப் போன் போட்டாள். ஒருவராவது என் வீட்டுக்கு வரக் கூடாதா என்று கேட்டாள். எடுத்தவர் நல்ல மனிதர், பதமாகத்தான் பேசினார். "நீங்க நம்ம வீட்டு ஆளு, நோலீன். உங்ககிட்ட வந்து நாங்க என்னத்தக் கேக்கறது?"

அன்றைக்கு முடிவு செய்தாள், தானும் இருக்கிற வீட்டோடு மெரிக்குக்குப் போய்விடுவதென்று.

அடுத்த தேர்தல் முடிந்து ஆணையம் கருத்துக் கேட்டபோது, நீலக் கோட்டை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு நகரத்துக்குப் பேருந்து ஏறினாள். கூடத்தில் பேச எழுந்த பிறகுதான் பார்த்தாள், முன்வரிசையில் அவள் கட்சியின் ஆள் பேனாவோடு உட்கார்ந்திருந்தார். கார்விஸ் கோட்டையின் வாசல்காரி, "என்னை இங்கிருந்து எடுத்துவிடுங்கள்" என்று எந்த முகத்தோடு கேட்பாள்? ஆகவே மெரிக் என்ற பெயரையே எடுக்காமல், தெருவைப் பிரிக்கக் கூடாது என்று ஆரம்பித்தாள். ஆரம்பித்ததும் பேச்சு தானாக வந்தது. நாங்கள் இரண்டு வரிசையும் ஒரே குடும்பம் என்றாள். எதிர்வீட்டு வால்மையும் நானும் நாள் தவறாமல் ஒருவர் வீட்டில் ஒருவர் தேநீர் குடிக்கிறோம், ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் மற்றவள் சூப் வைத்துக் கொடுக்கிறாள் என்று அளந்தாள். வால்மையின் சமையலறை எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியாது. ஆணையத் தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: தெரு ஒன்றாக இருந்தால் போதுமா? போதும், போதும் என்றாள் நோலீன்.

ஆணையம் அவள் பேச்சை அப்படியே ஏற்றுக்கொண்டது. கார்விஸில் ஆள் குறைந்திருந்ததால், எதிர்வரிசையை அள்ளிக் கார்விஸில் போட்டது.

முதல் நாள் தலையில் அடித்துக்கொண்டாள். இரண்டாம் நாள் வேறொன்று உறைத்தது: தன் வீட்டுக்கு யாரும் வராவிட்டால் என்ன, இனி வால்மை வீட்டுக்கும் வரமாட்டார்களே! அந்தச் சந்தோஷத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லுகிற மாதிரியான சந்தோஷமா அது? தேர்தல் நெருங்கியதும் ஜன்னல் பட்டையை ஆசையோடு விலக்கினாள். வால்மை வழக்கம்போல் வாசலைக் கழுவினாள், ரோஜாவைக் கத்தரித்தாள், நல்ல சட்டை போட்டுக்கொண்டு வெளியே நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒருவரும் வரவில்லை. வாரக்கணக்கில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, கடைசியில் நாற்காலியை உள்ளே எடுத்துப் போட்டாள். நோலீனுக்கு அன்றைக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

ஓட்டுப்போடும் நாளில், இதுவரை மெரிக்கின் தேவாலயக் கூடத்தில் ஓட்டுப் போட்டுவந்த வால்மை முதன்முறையாகப் பள்ளிக்கூட வாசலுக்கு வந்தாள். நோலீன் பல்லைக் காட்டிச் சீட்டை நீட்டினாள்.

"எனக்கெதுக்கு? நான் என்னிக்கும் உங்க கட்சிக்குத்தானே போடுறேன்" என்றாள் வால்மை. "எங்கப்பா காலத்துலேர்ந்து."

நோலீன் நீட்டிய சீட்டைத் திரும்ப இழுத்துக்கொண்டாள். அப்படியானால் வந்தவர்களிடமெல்லாம் முடிவு பண்ணவில்லை என்று சொன்னது எதற்கு என்று கேட்டாள்.

"முடிவு பண்ணிட்டேன்னா யாரு வருவாங்க, நோலீன்? வீட்டுல பேச ஆளு வேணுமே. எதிர்த்தாப்ல இருந்துக்கிட்டு நீயாவது ஒரு தடவை வந்திருக்கியா? கெவின் போனப்போ நான் கறிக் கேசரோல் சமைச்சு எடுத்துட்டு வந்தேன். நீ கதவையே திறக்கல."

நோலீன் அன்றைக்கு வீட்டில்தான் இருந்தாள். பட்டையை விலக்கிப் பார்த்துவிட்டுத்தான் திறக்காமல் இருந்தாள்.

வால்மை ஓட்டுப் போட்டுவிட்டு, சாசேஜ்கூட வாங்காமல் போய்விட்டாள். மாலையில் ஓட்டுப்பதிவு முடிந்ததும் எண்ணிக்கையைப் பார்க்க நோலீன் எப்போதும் உள்ளே போவாள். அன்று போகவில்லை. பள்ளிக்காரர்கள் கேக் விற்ற மேஜையில் மிஞ்சியிருந்த, தேங்காய்த்துருவல் தூவிய லாமிங்டன் கேக்குகளை வாங்கிக்கொண்டு, கட்சிச் சட்டையோடு தெருவைக் கடந்து எதிர்வீட்டு மணியை அடித்தாள்.

கம்பிவலைக் கதவுக்குப் பின்னாலிருந்து வால்மை அவளை மேலும் கீழும் பார்த்தாள். "எந்தக் கட்சிம்மா?"

"இன்னும் முடிவு பண்ணலை" என்றாள் நோலீன்.

வால்மை கதவைத் திறந்தாள். சமையலறை இடப்பக்கம் இருந்தது. கெட்டிலைப் போடப் போனவளை நிறுத்தி, அமைச்சர் எந்த நாற்காலியில் உட்கார்ந்தார் என்று நோலீன் கேட்டாள். ஜன்னலோரம் இருந்ததை வால்மை காட்டினாள். நோலீன் போய் அதில் உட்கார்ந்துகொண்டாள்.