கீழ்வீட்டுக் குடும்பத்துக்காக

மிளகாய் வறுபடும் நெடி. நேற்று கிள்ளான் பக்கத்து எங்கள் பண்டமாரான் அடுக்குமாடியில் யார் வீட்டிலிருந்தோ கிளம்பி வந்தது. தும்மினேன். இருமினேன். கண்ணில் வழிந்த நீர் நெடியால் மட்டும் வந்ததல்ல. ஆண்டவர் எங்களுக்குச் செய்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, அன்பானவர்களே. அதற்கு ஆன விலையையும் சேர்த்தே சொல்கிறேன்.

யோகராணி என் கீழ்வீட்டில் இருந்தாள். முல்லைத்தீவுப் பக்கத்துப் பெண். மிளகாயும் மல்லியும் வறுத்து, யாழ்ப்பாணத் தூள் அரைத்து, பாக்கெட் போட்டு விற்பாள். கணவர் சிவநேசனுக்கு மேருவில் நாற்காலித் தொழிற்சாலையில் வேலை. மகள் துளசி சின்னப் பிள்ளை. மூவருக்கும் அகதி அட்டை இருந்தது. இங்கே அந்த அட்டை தூறலுக்குத் தாங்கும், மழைக்குத் தாங்காது.

வெள்ளிக்கிழமைகளில் யோகராணி என் வீட்டு ஜெபக்கூட்டத்துக்குத் திருநீற்றோடு வந்து கதவோரம் உட்காருவாள். யாருக்காக ஜெபிக்கிறோமோ அவர் பெயரை உரக்கச் சொல்வது எங்கள் வழக்கம். முதல் நாளே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, எங்கட பேரை மட்டும் சொல்லாதேங்கோ. ஊரில என்ர தம்பி இருக்கிறான். என்ர அவரைக் கேட்டு அவனிட்ட இப்பவும் ஆக்கள் வருகினம்."

அன்றிலிருந்து 'கீழ்வீட்டுக் குடும்பம்' என்றே ஜெபித்தோம். ஆண்டவருக்கு விலாசம் தெரியாதா என்ன.

போன வருடம், தீபாவளிக்கு முந்தின வாரம் தொழிற்சாலையில் குடிநுழைவு அதிகாரிகளின் சோதனை. சிவநேசனின் அட்டை காலாவதியாகியிருந்தது. புதுப்பிக்க நாள் கேட்டுக் காத்திருந்தார். லோரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

"அடுத்த வியாழக்கிழமை பிளேன்ல ஏத்துறாங்களாம். அவர் போனா, அடுத்து அந்த அக்காவும் பிள்ளையும்தான்," என்றார் எங்கள் சபையின் வக்கீல் ஜோசுவா.

யோகராணி அழவில்லை. சட்டியை இறக்கி வைத்தாள். அடுப்பை அணைத்தாள். அந்த வாரம் முழுக்க மாடிப்படியில் நெடியே இல்லை. சுத்தமான காற்றை நான் வெறுத்தது அப்போதுதான்.

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் ஆலய மண்டபத்தில் உபவாச ஜெபம் வைத்தோம். பக்கத்துக் கோயில் ஆட்கள் வந்தார்கள். கிள்ளானில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் காதர் பாய் வந்தார்.

"அவங்க சாமி வேற, நம்ம சாமி வேற. நாம ஏன் லா பட்டினி கிடக்கணும்?" என்று முனகினார் ராஜமணி அங்கிள்.

"நீங்க எங்க அங்கிள் பட்டினி? காலையில என் கடையிலதானே ரெண்டு ரொட்டி சானாய்," என்றார் காதர் பாய்.

சிரித்தோம். பிறகு ஜோசுவா எழுந்தார். சிரிப்பு நின்றது.

"பேரும் படமும் இல்லாம யாரும் நியூஸ் போட மாட்டாங்க. 'ஒரு குடும்பம்'னு சொன்னா மனுவில யாரும் கையெழுத்துப் போட மாட்டாங்க."

பெயரைச் சொன்னால் தம்பிக்கு ஆபத்து. சொல்லாவிட்டால் கணவருக்கு. நான் முழங்காலில் விழுந்தேன். பெயர் சொல்லாமலே ஒரு வழியைத் திறவும் ஆண்டவரே என்று கேட்டேன். கேட்டுக்கொண்டே இருந்தேன். மண்டபத்துக் காற்றாடி சுற்றியது. வேறெதுவும் நடக்கவில்லை.

கதவோரத்திலிருந்து யோகராணி எழுந்து முன்னால் வந்தாள்.

"தம்பியோட கதைச்சனான். சொல்லு அக்கா எண்டிட்டான்." பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "நான் யோகராணி. என்ர அவர் சிவநேசன். பிள்ளை துளசி. எங்களை அனுப்பாதேங்கோ."

யாரோ கைப்பேசியில் பதிவு செய்தார்கள். சாயங்காலத்துக்குள் அந்த முகம் எங்கும் போய்விட்டது. ஆலய வாசலில், கோயில் வாசலில், காதர் பாய் கல்லாவில், ஸ்ரீ கெம்பாங்கான் பாசாரில், போர்ட்டில் கண்டெய்னர் ஓட்டும் பையன்களிடம் எல்லாம் கையெழுத்து வாங்கினோம். மறுத்தவர்களும் உண்டு. "உங்களுக்கு வேற வேலை இல்லையா ஆன்டி?" என்று முகத்துக்கு நேரே கேட்டவர்களும் உண்டு.

வியாழக்கிழமை மத்தியானம் மண்டபத்தில் காத்திருந்தோம். துளசி என் மடியில் தூங்கினாள். ஜோசுவா போன் செய்தார்.

"ஏத்தல அக்கா. நான் போட்ட கேஸ்ல கோர்ட் நிறுத்தி வச்சிருக்கு."

முதலில் தரையில் உட்கார்ந்து அழுதவர் ராஜமணி அங்கிள்தான்.

இங்கே முடித்தால் அழகான சாட்சி. ஆனால் கிறிஸ்துமஸுக்கு முன்பு ஊரிலிருந்து தகவல் வந்தது. யோகராணியின் தம்பியை யாரோ வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். இன்று வரை எங்கே என்று தெரியாது. ஏன் என்று ஆண்டவரிடம் கேட்டேன். இன்னும் கேட்கிறேன். பதில் இல்லை. ஆனாலும் அவரை விட்டுப் போக எனக்கு மனமில்லை. கொடுத்தவரும் அவர்தான், இனிமேல் கேட்க வேண்டியதும் அவரிடம்தான். முன்பு காரியம் முடிந்ததும் நன்றி சொல்லி எழுந்துவிடுவேன். இப்போது ஜெபத்திலிருந்து எழுந்திருக்க முடிவதில்லை. உங்களுக்கும் மூச்சுக்குள்ளேயே வைத்திருக்கும் ஒரு பெயர் இருக்கும். பயத்தோடேயே சொல்லுங்கள். அவர் கேட்கிறார்.

சிவநேசன் விடுதலையானார். வேறொரு நாடு மூவரையும் ஏற்றுக்கொண்டது. விமான நிலையத்தில், கண்ணாடிக் கதவுக்கு முன்னால், யோகராணி ஒரு பாக்கெட் தூளை என் கையில் திணித்தாள்.

"இனி எங்களுக்காக வேண்டாம் அக்கா. தம்பிக்காகக் கேளுங்கோ. பேரைச் சொல்லிக் கேளுங்கோ, சத்தமா. அவன்ர பேர் நினைவிருக்கே?"

"இருக்கு மா. குணசீலன்."