கையெழுத்து இல்லாத நாற்பத்தொரு மணி நேரம்

என் மகள் ஒரு பல்கலைக்கழக நர்சிங் கல்லூரியில் ஆறு ஆண்டுகள் ஒப்பந்த ஆசிரியையாக இருந்தாள். ஆறாவது ஆண்டு மதிப்பீட்டில் நூற்றுக்கு எழுபது வந்தால் பணி நிரந்தரம். படிவம் பதினான்கு பக்கம். செய்த வேலைகளை ஆசிரியரே எழுதி, தனக்குத் தானே மதிப்பெண் போட்டுக்கொள்ள வேண்டும். பிறகு துறைத்தலைவர் பார்த்து முடிவு செய்வார்.

ஒரு ஞாயிறு காலை திருவொற்றியூர் வீட்டில், சாப்பாட்டு மேசையில் அதை விரித்தாள்.

"நைனா, கூட்டல் மட்டும் பாத்துக் குடு. எனக்குக் கண்ணு பூத்துப்போச்சு."

கூட்டல் சரிதான். எண்பத்தொன்று. அதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

துறைமுகத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் டாலி கிளார்க்காக இருந்தவன் நான். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறிப்பது என் வேலை. இரண்டு தரப்பும் கையெழுத்துப் போடாத மூட்டை கண்ணெதிரே கிடந்தாலும் எங்களுக்கு அது கணக்கில் இல்லை.

"களப்பயிற்சி நாப்பத்தொரு மணி நேரம்னு போட்டுகீறியே, கையெழுத்து எங்க?"

"அது சடையங்குப்பத்துல வெள்ளம் வந்தப்ப போனது நைனா. பொண்ணுங்கள இட்டுகினு வூடு வூடா போனேன். ஒரு ஆயாவுக்குப் புண்ணு கட்டுறத, கட்டிலு மேல ஏறி நின்னுகினு சொல்லிக் குடுத்தேன். முட்டியளவு தண்ணில யாராண்ட கையெழுத்து வாங்குறது?"

"வாங்காதது உன் தப்பு."

"எல்லாரும் கூட்டித்தான் போட்டுக்கிறாங்க. நான் செஞ்சதத்தான போட்டுகீறேன்."

"யாரு பாத்தாங்கன்னு கேட்டா இன்னா சொல்லுவ?"

பேனாவை என் பக்கம் தள்ளினாள்.

"நீயே அடிச்சிடு."

ஸ்கேல் வைத்து அந்த வரியை நேராக அடித்தேன். எட்டு மதிப்பெண் போயிற்று. எழுபத்துமூன்று மிஞ்சியது. தேவைக்கு மூன்று கூடுதல்தானே என்று சமாதானம் சொன்னேன்.

அந்தத் துறைத்தலைவர் யார் படிவமானாலும் ஐந்து குறைப்பாராம்; எனக்கு அது பின்னால்தான் தெரிந்தது. எல்லோரும் கூட்டிப் போடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். அவர் குறைப்பார் என்பது அவர்களுக்கும் தெரியும். என் மகளுக்கும் தெரிந்துதான் இருந்தது. நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அறுபத்தெட்டு என்று கடிதம் வந்தது. அதற்கடுத்த மாதம் ஒப்பந்தம் முடிந்தது.

இப்போது வேறு ஊரில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்சாக இருக்கிறாள். பாடம் எடுப்பதில்லை. போய் ஒன்பது மாதமாகிறது. இரண்டு முறை வந்தாள். இரண்டு முறையும் அன்று மாலையே கிளம்பிவிட்டாள்.

போன வாரம் தொலைபேசியில் நானாகவே ஆரம்பித்தேன்.

"அந்த நாப்பத்தொரு மணி நேரத்த நான் அடிச்சிருக்கக் கூடாதும்மா."

அந்தப் பக்கம் யாரோ அவளைக் கூப்பிடுவது கேட்டது.

"வுடு நைனா. பிரஷர் மாத்திர போட்டியா?"

போட்டுவிட்டேன் என்றேன். அன்று போடவில்லை.