அப்பாகிட்ட சொல்லு

எங்கள் வீட்டில் சத்தமாக ஒரு சண்டை நடந்ததில்லை. நடந்திருந்தால் தேவலாம். அம்மாவும் அப்பாவும் பேச்சை நிறுத்தியபோது எனக்கு ஒன்பது வயது. ஊரப்பாக்கத்தில் சின்ன வீடு. சமையலறையில் முணுமுணுத்தால் ஹாலில் கேட்கும். ஆனாலும் அம்மா என்னைக் கூப்பிட்டு, "சோறு இருக்கு, வேணும்னா போட்டுக்கச் சொல்லு உங்கப்பாவ" என்பார். நான் ஹாலுக்குப் போய், "அம்மா சாப்பிடக் கூப்பிடறாங்கப்பா" என்பேன். அப்பாவுக்கு இரண்டுமே கேட்டிருக்கும். நான் சொன்னதற்குத்தான் எழுந்து வருவார்.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். எனக்கு அடிகூட விழவில்லை, வேலை மட்டும்தான்.

அவர்கள் பேச்சை நிறுத்தக் காரணம் என் தம்பி. அவன் இறந்தே பிறந்தான். அம்மா மயக்கம் தெளிவதற்குள் அப்பா அவனை ஒரு சின்னப் பெட்டியில் வைத்துக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்துவிட்டார். பெற்றவள் பார்த்தால் தாங்கமாட்டாள் என்று உறவுக்காரர்கள் சொன்னார்களாம். நல்லது செய்யக் கிளம்புகிற உறவுக்காரர்களை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒரு சாயங்காலம் அம்மா, "என் மூஞ்சியிலயே முழிக்க வேணாம்னு சொல்லு அவர்கிட்ட" என்றார். இதை எப்படி மாற்றிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே அப்பா முன்னால் போய் நின்றேன். வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. மறுநாள் பள்ளியிலும் வரவில்லை.

ஜெபக்கூட்டத்தில் நெற்றியில் எண்ணெய் பூசினார்கள். தொண்டை டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, தொண்டையில் ஒன்றுமில்லை என்று தாம்பரத்தில் ஒரு மனநல ஆலோசகரிடம் அனுப்பினார். அம்மா அக்கம்பக்கத்தில் பல் டாக்டரிடம் போவதாகச் சொல்லிவைத்தார். பைத்தியக்காரி என்ற பேரைவிடச் சொத்தைப்பல் கௌரவம்.

அந்த ஆலோசகர் மேடம் என்னைப் பேசச் சொல்லவே இல்லை. பொம்மைகளைக் கொடுத்துவிட்டுத் தரையில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நான் அம்மா பொம்மையையும் அப்பா பொம்மையையும் முதுகு காட்டி நிறுத்தி, நடுவில் ஒரு சின்னப் பொம்மையை ஓடவிட்டேன். வாரா வாரம் அதே விளையாட்டுதான். பிறகு ஒருநாள் மூவரையும் சேர்ந்து வரச் சொன்னார்.

அம்மா உட்கார்ந்ததும் என் பக்கம் திரும்பினார். "அப்பாகிட்ட சொல்லு, உனக்கு இப்படி ஆனதுக்கு..."

"அவர் இங்கதான் இருக்காரும்மா," என்றார் மேடம். "அவர்கிட்டயே சொல்லுங்க. பாப்பா இனிமே யாருக்கும் எதையும் சொல்ல வேணாம்."

எனக்கு எப்படியாவது எதையாவது நானே சொல்லி முடித்துவிட மாட்டேனா என்றிருந்தது. மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அம்மா அப்பாவைப் பார்த்தார். "நீங்க அவன் முகத்தப் பாத்தீங்க. எனக்கு ஏன் காட்டல?"

அப்பா தரையைப் பார்த்தார். "மூக்கு உன்னோடது," என்றார். "அத உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

அம்மா அன்றைக்கு அழுததுபோல ஒரு மனுஷி அழுது நான் பார்த்ததில்லை.

திரும்பும்போது ரயிலில் மூவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்திருந்தோம். ஊரப்பாக்கம் நெருங்கும்போது எனக்குச் சத்தம் வந்தது. "அப்பா, தம்பிக்கு முடி இருந்துச்சா?"

"நெறைய இருந்துச்சும்மா," என்றார் அப்பா. கேட்டது நான், அவர் சொன்னது அம்மாவைப் பார்த்து.

ஆலோசனைக்குப் போனால் எல்லாம் கூடிவிடும் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அதற்கப்புறமும் பல மாதங்கள் இருவரும் தாம்பரத்துக்குப் போனார்கள். கடைசியில் பிரிந்துதான் போனார்கள். அப்பா இப்போது கூடுவாஞ்சேரியில் தனியாக இருக்கிறார். பிரியப்போகிறோம் என்பதை இருவரும் நேருக்கு நேர் பேசி முடித்துவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்கள்.

கல்லறைத் திருநாளுக்கு மட்டும் சேர்ந்து போகிறோம். அப்பா மெழுகுவர்த்தியைக் காற்றில் அணையாமல் மறைத்துப் பிடிப்பார், அம்மா பூ வைப்பார். குனிந்தபடி ஏதோ பேசிக்கொள்வார்கள். நான் நாலு கல்லறை தள்ளி நின்றுகொள்வேன். அவர்கள் பேசுவது எனக்குக் கேட்காது. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய் நிற்பேன்.